காலைப் பார்த்துச் செய்த காலணி



விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் மாலை விடுதித் திண்ணையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வெள்ளைக் கேன்வாஸ் காலணிகள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். சில புதியவை, பல, அக்காமார் அணிந்து தங்கைமாருக்கு வந்தவை. மறுநாள் அணிவகுப்பு முடிந்ததும் ஒரு சிறுமி அந்தக் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டியபடி என்னிடம் வந்தாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

"ஷூ கடிக்குது டீச்சர். இதைச் செஞ்சவங்க என் காலைப் பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

அவள் கோபத்தில் கேட்டாள். ஆனால் அது ஒரு பெரிய கேள்வி. ஒரு பொருளைச் செய்கிறவர், அதைப் பயன்படுத்தப் போகிறவரைப் பார்த்துச் செய்கிறாரா? அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் படித்தவற்றையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இது எந்த நிறுவனத்துக்கும் விளம்பரம் அன்று. விலையுயர்ந்த காலணிக்காகப் பெற்றோரை நச்சரிக்கும் பிள்ளைகளுக்குத் துணை நிற்பதும் என் நோக்கமன்று!

கேன்வாஸ் காலணியின் கதை

ரப்பர் அடிப்பாகமும் துணி அல்லது மெல்லிய தோலால் ஆன மேற்பாகமும் கொண்ட விளையாட்டுக் காலணியை ஆங்கிலத்தில் 'ஸ்னீக்கர்' என்பார்கள். ஓசையின்றிப் பதுங்கி நடப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். தோல் அடிப்பாகம் கொண்ட பூட்ஸைப் போல இது 'டக் டக்' என்று ஒலிப்பதில்லை. அதனால் அந்தப் பெயர் வந்தது.

நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. 1936-ஆம் ஆண்டிலேயே பாட்டா நிறுவனம், இந்திய மாணவர்களின் உடற்பயிற்சி வகுப்புக்கென ஒரு வெள்ளைக் கேன்வாஸ் காலணியை இங்கே உருவாக்கியது. உங்கள் தாத்தா பாட்டி காலத்திலிருந்து பள்ளி மைதானங்களில் ஓடிக்கொண்டிருப்பது அந்த மரபே.

நெடுங்காலம் வரை இத்தகைய காலணிகளை வரைந்தவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. வீட்டுக்குக் கொத்தனார் உண்டு, சேலைக்கு நெசவாளர் உண்டு. காலணிக்கும் ஒரு கலைஞர் உண்டு என்பதை உலகம் கவனிக்கச் செய்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான டிங்கர் ஹாட்ஃபீல்டு.

விழுந்தவர் எழுந்தார்

ஹாட்ஃபீல்டு 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிறந்தார். தந்தை பள்ளி விளையாட்டுப் பயிற்சியாளர். மகன் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்றார். கோலூன்றித் தாண்டுவதில் சிறந்த வீரராகவும் விளங்கினார்.

ஒருநாள் உயரத்திலிருந்து தவறி விழுந்து கணுக்காலில் கடுமையாகக் காயமுற்றார். அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னரும் நடை சீராகவில்லை. அவருடைய விளையாட்டு வாழ்வு அத்தோடு முடிந்ததென்றே பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அவருடைய பயிற்சியாளர் பில் பவர்மன் அவரைக் கைவிடவில்லை. காயமுற்ற காலை நன்கு கவனித்து, நொண்டல் குறையும்படி குதிகால் பகுதியை உயர்த்தி, அவருக்கென்றே தம் கையால் காலணி செய்து கொடுத்தார். 'ஒருவருடைய காலைப் பார்த்து, அவருக்காகவே ஒரு காலணி செய்யலாம்' என்னும் பாடத்தை ஹாட்ஃபீல்டு எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தம் காலிலேயே அணிந்து கற்றார்.

அந்தப் பயிற்சியாளரும் சாதாரணமானவர் அல்லர். தம் மாணவர் ஃபில் நைட் என்பவருடன் 1964-இல் அவர் தொடங்கிய சிறு காலணி வணிகமே பின்னர் 'நைக்கி' என்னும் பெரிய நிறுவனமாயிற்று. 1971-இல் அவர் ஒரு சிக்கலில் ஆழ்ந்திருந்தார். ஓடுபாதைகள் செயற்கைத் தளமாக மாறிவந்த காலம் அது. இரும்பு ஆணி இல்லாமலே தரையைப் பற்றிக்கொள்ளும் சோல் வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும்? அவருடைய மனைவி காலை உணவுக்கு 'வாஃபிள்' என்னும் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். அதன் இரும்பு அச்சில் சதுரச் சதுரமாகக் குழிகள் இருக்கும். பலகாரம் கட்டம் கட்டமாக வரும். அந்த அச்சைப் பார்த்ததும் பவர்மனுக்கு வழி தெரிந்தது. அச்சை எடுத்துச் சென்று, ரப்பர் போல இறுகும் யூரித்தேனை அதில் ஊற்றினார். முதல் முயற்சியிலேயே அச்சு ஒட்டிக்கொண்டு பாழாயிற்று! அவர் விடவில்லை. மீண்டும் மீண்டும் முயன்று வெற்றி கண்டார். கட்டம் கட்டமான அந்தச் சோல் கொண்ட காலணி 1974-இல் கடைக்கு வந்து புகழ்பெற்றது.

நம் வீட்டில் முறுக்கு அச்சும் இடியாப்ப நாழியும் பணியாரக் கல்லும் இருக்கின்றன. அவற்றை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஆனால் கவனித்துப் பார்க்கிறோமா?

கட்டடம் காலணியானது

ஹாட்ஃபீல்டு 1981-இல் நைக்கி நிறுவனத்தில் சேர்ந்தார். காலணி வரைய அன்று. அலுவலகங்களையும் கடைகளையும் வடிவமைக்கும் கட்டடக் கலைஞராக. நான்கு ஆண்டுகள் கழித்து, 1985-இல், காலணி வரையும் பணிக்கு அவரை மாற்றினார்கள்.

அப்போது அந்நிறுவனத்தில் ஒரு புதுமை ஏற்கெனவே இருந்தது. விண்வெளித் துறையில் பணியாற்றிய ஃபிராங்க் ரூடி என்னும் பொறியாளர், சோலுக்குள் காற்றடைத்த சிறு பைகளை வைக்கலாம் என்று காட்டியிருந்தார். ஓடும்போது தரையில் மோதும் அதிர்ச்சியை அந்தக் காற்றுப்பை தாங்கிக்கொள்ளும். 1978 முதல் அப்படிப்பட்ட காலணிகள் வந்தன. ஆனால் பை உள்ளே மறைந்திருந்ததால், அப்படி ஒன்று இருப்பது அணிந்தவர் கண்ணுக்குத் தெரியாது.

ஹாட்ஃபீல்டு பாரிஸ் நகருக்குச் சென்றபோது பாம்பிடு மையத்தைக் கண்டார். ரென்சோ பியானோ, ரிச்சர்டு ரோஜர்ஸ் ஆகியோர் வடிவமைத்து 1977-இல் திறக்கப்பட்ட கலைக்கூடம் அது. வழக்கமாகச் சுவருக்குள் மறைக்கும் குழாய்களையெல்லாம் அங்கே வெளியே தெரியும்படி வைத்து வண்ணமும் தீட்டியிருக்கிறார்கள். காற்றுக் குழாய்க்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், மக்கள் ஏறி இறங்கும் வழிக்குச் சிவப்பு. கட்டடம் எப்படி இயங்குகிறது என்பதே அதன் அழகு. பாரிஸ் மக்களில் பலர் இதைக் கேலி செய்தார்கள். ஹாட்ஃபீல்டோ வேறொன்றை எண்ணினார்: கட்டடம் தன் உள்ளுறுப்பைக் காட்டலாமென்றால், காலணி ஏன் காட்டக் கூடாது?

அவர் சோலின் பக்கவாட்டில் ஒரு சிறு சன்னல் திறந்து, உள்ளேயிருக்கும் காற்றுப்பை தெரியும்படி செய்தார். 'பார்க்கிறவர்கள் பை கிழிந்துவிடும் என்று அஞ்சுவார்களே! யார் வாங்குவார்?' என்று நிறுவனத்திலேயே பலர் எதிர்த்தார்கள். அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்ற பேச்சும் எழுந்ததாம். இருந்தும் 1987-இல் 'ஏர் மேக்ஸ்' என்னும் பெயரில் அக்காலணி வெளிவந்தது. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் விற்பனையாகின்றன.

கேட்கும் செவி

கண் மட்டும் போதாது, செவியும் வேண்டும். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானுக்கான மூன்றாவது காலணியை வரையும் பொறுப்பு ஹாட்ஃபீல்டிடம் வந்தது. ஜோர்டான் அந்நிறுவனத்தை விட்டு விலகும் எண்ணத்தில் இருந்த நேரம். ஹாட்ஃபீல்டு தாமே ஒன்றை வரைந்து கொண்டுபோய், 'இதை அணிந்துகொள்ளுங்கள்' என்று சொல்லவில்லை. உங்களுக்கு எப்படிப்பட்ட காலணி வேண்டும் என்று முதலில் அவரையே கேட்டார். கணுக்காலை மூடும் உயரம் சற்றுக் குறைய வேண்டும்; எடை குறைய வேண்டும்; புதுக் காலணி கடிக்கக் கூடாது, முதல் நாளே பழகிய காலணி போல மென்மையாக இருக்க வேண்டும் என்றார் ஜோர்டான். கவனித்தீர்களா? உலகப் புகழ் பெற்ற வீரரின் குறையும் நம் சிறுமியின் குறையும் ஒன்றுதான்! 1988-இல் வந்த அக்காலணி மென்மையான தோலால் ஆனது. ஜோர்டானும் நிறுவனத்தை விட்டுப் போகவில்லை.

இன்னும் சில எடுத்துக்காட்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. உடற்பயிற்சிக் கூடத்தில் மக்கள் ஓடுவதற்கு ஒன்று, எடை தூக்குவதற்கு ஒன்று எனப் பல காலணிகளைச் சுமந்து வருவதைக் கண்டார். எல்லாப் பயிற்சிக்கும் ஏற்ற ஒரே காலணியை 1987-இல் அளித்தார்.

2. நீர்ச்சறுக்கு விளையாட்டில் காலைத் தோல் போல இறுகப் பற்றும் நியோப்ரீன் உறையை அணிந்தபோது, ஓடுவதற்கும் இது ஏற்றதாயிற்றே என்று எண்ணினார். அதிலிருந்து பிறந்த 1991-ஆம் ஆண்டுக் காலணிக்கு, மெக்சிகோ நாட்டு உழவர்கள் அணியும் 'வராச்சே' என்னும் தோல் செருப்பின் பெயரைச் சூட்டினார்கள்.

3. 1989-இல் வெளிவந்த 'பேக் டு த ஃபியூச்சர்' திரைப்படத்தின் இரண்டாம் பாகத்துக்காக, தானாகவே இறுகிக்கொள்ளும் காலணியைக் கற்பனை செய்தார். அன்று அது வெறும் திரைப்பட வித்தை. பின்னர் டிஃபனி பியர்ஸ் என்னும் பெண் பொறியாளர் அவருடன் சேர்ந்து பல்லாண்டு உழைத்ததன் பயனாக, உண்மையிலேயே தானாக இறுகும் காலணி 2016-இல் உருவாயிற்று.

ஒரு மாணவனின் கடிதம்

இவற்றையெல்லாம்விட என் நெஞ்சைத் தொட்டது வேறொரு நிகழ்ச்சி. 2012-ஆம் ஆண்டு, மூளை முடக்குவாதத்தால் கை கால் செயற்பாடு குன்றிய 16 வயது அமெரிக்க மாணவன் ஒருவன், நைக்கி நிறுவனத்துக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினான். தன்னால் எல்லாம் செய்ய முடிகிறது, காலணியின் லேஸை மட்டும் கட்ட முடியவில்லை. கல்லூரிக்குப் போனால் நாள்தோறும் யார் எனக்குக் கட்டிவிடுவார்கள் என்பது அவனுடைய கவலை.

அக்கடிதம் டிங்கரின் தம்பியும் அதே நிறுவனத்தில் காலணி வடிவமைப்பாளருமான டோபி ஹாட்ஃபீல்டிடம் சென்றது. அவர் அந்த மாணவனுடன் சேர்ந்து மாதிரிகளைச் செய்து பார்த்தார். குதிகாலைச் சுற்றி ஜிப் வைத்து, ஒரே கையால் திறந்து மூடும் காலணி 2015-இல் விற்பனைக்கு வந்தது. 'எனக்கு இது முடியவில்லை' என்று சொல்ல அந்த மாணவன் வெட்கப்படவில்லை. அதனால் அவனைப் போன்ற பல்லாயிரம் பேருக்கு வழி பிறந்தது.

செருப்பில்லாமல் நடக்க ஒரு பாதம்

'இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை' என்று நீங்கள் நினைக்கலாம். நம் நாட்டுக்கு வருவோம். காலணி செய்தவரை அன்று, காலையே செய்தவரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி. கே. சேத்தி எலும்பு மருத்துவர். அங்கே கைத்தொழில் கற்பித்தவர் ராம் சந்திர சர்மா. அதிகம் பள்ளிப் படிப்பில்லாத சிற்பக் கைவினைஞர். எல்லோரும் அவரை 'மாஸ்டர்ஜி' என்பார்கள். விபத்தில் காலிழந்த உழவர்களுக்கு அக்காலத்தில் கிடைத்தவை மேல்நாட்டு முறையிலான செயற்கைப் பாதங்கள். அவை ஷூவுக்குள் வைத்து அணிவதற்காகச் செய்யப்பட்டவை, வளையாதவை. அவற்றை அணிந்தவர் சம்மணமிட்டு அமர முடியாது, குந்த முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. ஆகவே பலர் அவற்றைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலையே நாடினார்கள்.

மாஸ்டர்ஜி நோயாளிகளைக் கவனித்தார். நம் மக்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்தார். இந்தியனுக்குத் தேவை ஷூ இல்லாமலே நடக்கக்கூடிய பாதம் என்று உணர்ந்தார். ரப்பரை எப்படிப் பதப்படுத்துவது? அதற்கு விடை கிடைத்த இடம் லாரி டயருக்கு ரீட்ரெடிங் செய்யும் பட்டறை! ஸ்பாஞ்சு ரப்பரையும் மரத்தையும் உள்ளே வைத்து, மேலே தோல் நிற ரப்பர் போர்த்தி, அச்சில் வேகவைத்து எடுத்தார்கள். 1960-களின் இறுதியில் உருவான அதுவே 'ஜெய்ப்பூர் கால்'. விலை மலிவு, வளையும், நனைந்தாலும் கெடாது. டாக்டர் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. 1975-இல் ஜெய்ப்பூரில் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் ஊனமுற்றோர் உதவிச் சங்கம் அந்தக் காலை ஏழைகளுக்கு இலவசமாகவே பொருத்தி வருகிறது.

நடனக் கலைஞர் சுதா சந்திரனை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1981-இல் நம் தமிழ்நாட்டுச் சாலையில் நேர்ந்த பேருந்து விபத்தால் அவர் வலக்காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு, வலியைப் பொறுத்துப் பயிற்சி செய்து, 1984-இல் மீண்டும் மேடையேறி பரதம் ஆடினார். அடுத்த ஆண்டே அவர் வாழ்க்கை 'மயூரி' என்னும் தெலுங்குத் திரைப்படமாயிற்று. அதில் நாயகியாக நடித்தவரும் அவரே.

தைக்கும் கையும் வரையும் கையும்

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்காவுக்கு 2022-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2023-இல் அங்கே முதல் தொழிற்சாலை திறக்கப்பட்டது; 'க்ராக்ஸ்' என்னும் வெளிநாட்டுக் காலணி அங்கே உருவாகிறது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாற்றில் ஒரு தைவான் நாட்டு நிறுவனம் நைக்கி காலணிகளையே செய்கிறது. இத்தொழிற்சாலைகளில் பெருவாரியாக வேலை செய்பவர்கள் பெண்கள். அவர்களில் உங்கள் அக்காவோ சித்தியோ இருக்கலாம்.

அந்தக் கைகளுக்கு நாம் முதலில் மரியாதை செலுத்த வேண்டும். உலகப் புகழ் பெற்ற காலணி ஒவ்வொன்றிலும் பெயர் தெரியாத பலரின் உழைப்பு இருக்கிறது. 1990-களில் ஆசியத் தொழிற்சாலைகளில் குறைந்த கூலியும் மோசமான வேலைச் சூழலும் நிலவுவதாக நைக்கி நிறுவனத்தின் மீது கடும் கண்டனம் எழுந்தது. 1998-இல் அதன் தலைவர் ஃபில் நைட், காலணித் தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்த வயது 18 என்று அறிவிக்க நேர்ந்தது. அணிபவரின் காலைப் பார்த்தால் மட்டும் போதாது, செய்பவரின் கையையும் பார்க்க வேண்டும் என்பதை உலகம் அப்போது கற்றது.

இரண்டாவதாக ஒரு கேள்வி. தைப்பது இங்கே, வரைவது கடல் கடந்த நாட்டிலா? நம் பெண்கள் தைக்கும் கையாக இருப்பதோடு வரையும் கையாகவும் ஆகக் கூடாதா? அதற்கான படிப்பு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் காலணி வடிவமைப்பிலும் ஆய்வு செய்கிறது. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகம் உண்டு. பிளஸ் டூ முடித்தபின் நுழைவுத் தேர்வு எழுதி அங்கே பட்டப் படிப்பில் சேரலாம். பெற்றோர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். 'படம் வரைந்து என்ன சம்பாதிப்பாய்?' என்று மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நம் ஊரில் ஒரு வடிவமைப்பாளர்

ஏலாக்குறிச்சிப் பிள்ளைகளுக்கு வடிவமைப்பு என்றால் என்னவென்று விளக்கத் தொலைவு போக வேண்டியதில்லை. இங்கே வாழ்ந்து தமிழ்த் தொண்டு செய்த வீரமாமுனிவரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அவர் காலத்துக்கு முன் எகரம், ஒகரம் ஆகிய குறில்களுக்குப் புள்ளி வைத்தே நெடிலிலிருந்து வேறுபடுத்த வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலரும் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிப்பவர் குறிலா நெடிலா என்று தடுமாறுவார். முனிவர் அந்தத் தடுமாற்றத்தைக் கண்டார். நெடிலைக் காட்டக் கொம்பின் மேலே ஒரு சுழியைச் சேர்த்தார். 'கெ' என்றால் ஒற்றைக் கொம்பு. 'கே' என்றால் இரட்டைச் சுழிக் கொம்பு. அவ்வளவே மாற்றம், இன்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் அது இருக்கிறது. வேறு நாட்டிலிருந்து வந்தவர் நம்மவரின் இடர்ப்பாட்டைக் கவனித்துப் பார்த்ததால் விளைந்த பயன் இது.

முடிவுரை

பவர்மன் பலகார அச்சைப் பார்த்தார். ஹாட்ஃபீல்டு கட்டடத்தைப் பார்த்தார். மாஸ்டர்ஜி டயர் பட்டறையைப் பார்த்தார். ஆனால் இம்மூவரும் அவற்றைப் பார்க்கும் முன்பே, யாரோ ஒருவரின் துன்பத்தைப் பார்த்திருந்தார்கள். வழுக்கும் ஓட்டக்காரன், கடிக்கும் காலணி, வயலில் இறங்க முடியாத உழவன். அந்தத் துன்பம் மனத்தில் இருந்ததால்தான் அச்சும் கட்டடமும் டயரும் அவர்களுக்கு விடை சொல்லின. துன்பத்தைக் காணாத கண்ணுக்கு அச்சு வெறும் அச்சே.

குதிகாலில் புண்ணோடு வந்த அந்தச் சிறுமிக்கு அன்று மருந்து தடவி, பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினேன். மறுவாரம் அவள் தன் காலணியைக் கொண்டுவந்து காட்டினாள். குதிகால் உரசும் இடத்தில் பழைய தாவணித் துணியை மடித்து வைத்து, ஊசி நூலால் அழகாகத் தைத்திருந்தாள். "இப்போ கடிக்கலை டீச்சர். தங்கச்சி ஷூவுக்கும் தைச்சுட்டேன்" என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்கு அவளே விடை கண்டாள்.

சிந்திக்கவும் செய்யவும்

1. உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ நாள்தோறும் தொல்லை தரும் பொருள் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். ஏன் தொல்லை தருகிறது என்று அவர்களையே கேட்டு எழுதுங்கள்.

2. அதை எப்படி மாற்றலாம் என்று படம் வரையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, விளங்கினால் போதும்.

3. ஒரு வெள்ளைத் தாளில் நின்று உங்கள் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். இரண்டு கால்களும் ஒரே அளவா? தோழியின் பாதத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்து வாருங்கள்.